பருத்திக் காட்டிலிருந்து வந்த கடிதம்

கப்பலை விட்டு இறங்கிய மறுநாள். சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் எதிரே இருப்பவர், நான் கோவில்பட்டிக்காரன் என்று தெரிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டுகிறார். பெயர் மாடசாமி, அவருக்கும் அந்தப் பக்கம்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார், படிக்கத் தெரியாது. ஊரில் மனைவி பேச்சியம்மாள் தனியாகப் பருத்தி போட்டிருக்கிறாள்.

"மழையில்லாம பயிரு வாடுதுன்னு எழுதியிருந்தா. அழிச்சு உழுதுட்டுக் கம்பு வெதைக்கச் சொன்னேன். என்ன ஆச்சுன்னு பாருங்க சார்."

படிக்கிறேன்.

"நீங்கள் சொன்னபடி செய்யவில்லை, கோபிக்க வேண்டாம். முளைத்த செடியை உழ மனசு வரவில்லை. பட்டுப்போன இடங்களில் மறுவிதை ஊன்றினேன். பத்தாம் நாள் மழை இறங்கியது. களை எடுத்தேன். புழு விழுந்த காய்களைக் கையாலேயே பொறுக்கினேன். இரண்டு தரம் பருத்தி எடுத்தாயிற்று, இன்னும் வெடிக்கிறது."

மாடசாமி கோப்பிக் குவளையைத் தள்ளி வைக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைக்கிறேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"புழு பொறுக்குனத இன்னொருவாட்டி படிங்க சார்."

படிக்கிறேன். "நெலம் முழுக்கவா? ஒத்தையாளாவா?" என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறார். பிறகு கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கி, என்னிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொல்கிறார்.

"அடுத்த வெதைப்புக்கு ஊருக்கு வாரேன். என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்."

எழுதியதை வாசித்துக் காட்டுகிறேன். சற்று யோசிக்கிறார்.

"'சொல்லு'ன்னு வேண்டாம் சார். 'சொல்லுங்க'ன்னு போடுங்க."