போனில் மட்டும் கடைந்த கீரை

என் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். திருச்செங்கோட்டு வீட்டில் நான் மட்டும்தான். ஒருத்திக்காக எதற்குச் சமைப்பது என்று டீயும் பன்னுமாக ஓட்டினேன். மாலையில் அவர் போனில், "என்ன புள்ள சாப்பிட்டே?" என்பார். "கீரை கடைஞ்சேனுங்க, முட்டை வறுத்தேனுங்க" என்று அளந்துவிடுவேன்.

சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. காலில் பட்ட சின்னக் காயம் சீழ்பிடித்து வீங்கியது. டாக்டர், "நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றார். "கீரை..." என்று வாய் தானாகத் தொடங்கி, நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னேன்.

"சத்தே இல்லாம உடம்பு எதை வெச்சும்மா கிருமியை எதிர்க்கும்? இன்னும் விட்டிருந்தா காலுக்கே ஆபத்து" என்று கடிந்துகொண்டார்.

காயம் ஆறிவிட்டது. இப்போது நிஜமாகவே கீரை கடைகிறேன். சில நாள் அவரிடமிருந்து போன் வராது. அன்றும் கடைகிறேன்.