சரசு அக்காவின் கால் எலும்பு

மருந்து ஆய்வில் வேலை செய்யும் தாதிக்கு, "இன்னும் தெரியாது" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிடும். ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டாத எலும்பின் இடைவெளியில் நாங்கள் ஒரு மருந்தை வைப்போம். அது உடம்பிலுள்ள ஸ்டெம் செல்களைத் தூண்டி, எலும்பாக வளரச் செய்ய வேண்டும். செய்யுமா என்பதுதான் ஆய்வு.

யாருடைய கால்?

பாடாங் மேஹா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர் சரசு அக்கா. மோட்டார் சைக்கிள் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. இரண்டு ஆப்பரேஷனுக்குப் பிறகும் ஒட்டவில்லை. கூட வந்த அவருடைய அண்ணன் தாதியான என்னிடம் சலித்துக்கொண்டார். "கால எடுத்துட்டு பொய்க்கால் வச்சா வேலை முடிஞ்சது. எதுக்கு மிஸ்ஸி இந்தச் சோதனையெல்லாம்?"

மருந்து பலிக்காமலும் போகலாம், கடைசியில் காலை எடுக்கவும் நேரலாம் என்று மறைக்காமல் சொன்னேன். அக்கா அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "கால் என்னோடது மிஸ்ஸி. நான்தான் சொல்லணும். மருந்த வைங்கலா."

பக்கத்துக் கட்டில்

மருந்து வைத்த பிறகு வார்டில் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மா விஷயம் கேள்விப்பட்டு, "எலிக்குக் குடுத்துப் பாக்குற மருந்த உனக்குக் குடுக்குறாங்களே, பாவம்" என்று உச்சுக்கொட்டினார். என் முகம் சுருங்கிவிட்டது. அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "எலிகிட்ட யாரும் கேக்கல. என்கிட்ட கேட்டாங்க, நான் சரின்னு சொன்னேன்."

டாக்டரோடு மல்லுக்கட்டு

மாதங்கள் ஓடின. எக்ஸ்ரேயில் அதே இடைவெளி. ஆய்வை நடத்தும் டாக்டர், "இனி ஒட்டாது. கால எடுக்கறதப் பத்தி அவங்ககிட்ட பேசிடுங்க" என்றார். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆய்வின் தவணையும் முடியவில்லை. "தவணை முடியிறவரைக்கும் நான் பேசமாட்டேன் டாக்டர்" என்றேன். அவர் எக்ஸ்ரே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, பொறுப்போம். பலிக்கலன்னா நீங்களே போய்ச் சொல்லணும்."

வெள்ளைக் கோடு

அடுத்த படத்தில் இடைவெளிக்குள் புகைபோல ஒரு வெண்மை. அதற்கடுத்ததில் இரு முனைகளையும் தொடும் கோடு. கைத்தடியோடு அக்கா எழுந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: இது மருந்தாலா, உடம்பு தானாகவே செய்ததா என்று மற்ற நோயாளிகளின் முடிவும் வந்தால்தான் தெரியும். "அத நீங்க கண்டுபிடிங்க மிஸ்ஸி. எனக்கு நடக்கிற வேலை இருக்கு."

எலும்பு எதனால் ஒட்டியது என்று நாங்கள் இன்னும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறோம், கால்காரர் சாமான் வாங்கப் பாசாருக்கே நடந்து போய் வந்துவிட்டார்.