கமலவல்லியின் நாற்பத்து மூன்று படங்கள்

திருவள்ளூரில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கல்யாணம் என்றால் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே கமலவல்லிக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சீர்வரிசைத் தட்டு அலங்காரத்தில் அவள் கைக்கு ஈடு கிடையாது. முந்திரியில் மயில் செய்வாள், கற்கண்டில் கோபுரம் எழுப்புவாள், ரவிக்கைத் துணியை மடித்துக் கிளியாக்கி உட்காரவைப்பாள். ஊரார் பெண்களுக்கெல்லாம் சீர் அடுக்கிய அந்தக் கை சொந்தப் பெண்ணுக்கு ஒரு தட்டுகூட அடுக்கவில்லை. இதை யாரும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

ஒரே பெண் கோதா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவள், மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை போனாள், வரவில்லை. கூட வேலை பார்த்த ஜெகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஜெகனுடைய வீட்டார் ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறவர்கள். பையன் தங்கம் என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். கமலவல்லியின் கணவர் சடகோபன், கோயில் மடப்பள்ளியில் முப்பது வருடமாகத் தளிகை செய்கிறவர், யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்ப் பெண்ணுக்காகத் தலை முழுகினார். செத்தவர்களுக்கு முழுகுகிற முழுக்கு. சொட்டச் சொட்ட ஈரத்தோடு உள்ளே வந்து, பீரோவிலிருந்த ஆல்பங்களை எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தார். அன்று காய்ந்த வெந்நீரில் யாரும் குளிக்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் தப்பியவை நாற்பத்து மூன்று படங்கள். கோதா கல்லூரியில் படிக்கும்போது பொழுதுபோகாமல் பழைய ஆல்பங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். சடகோபன் பட்டன் போன்காரர். படம் போனுக்குள்ளும் குடியிருக்கும் என்பது அவர் யோசனைக்கே வராத விஷயம். அதனால் கமலவல்லி பிழைத்தாள். அவர் கோயிலுக்குப் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டுத் தினம் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பாள். நாற்பத்து மூன்றும் இருந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஐப்பசியில் ஏஞ்சல் சேதி கொண்டுவந்தாள். கோதாவுடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறாள்.

"மாமி, கோதா முழுகாம இருக்குது. மூணு மாசம். அவ போனை ஷேர் ஆட்டோல தொலைச்சிட்டா. சின்ன வயசுப் போட்டோ ஒண்ணுகூட இல்லியாம். பொறக்கப்போற கொழந்தைக்கிக் காட்றதுக்கு வேணும், அம்மாகிட்டக் கேட்டு வாங்குன்னு சொன்னா. போனக் குடுங்க, ரெண்டே நிமிசத்துல தட்டி வுட்றேன்."

கமலவல்லி போனைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"போன்ல வேண்டாம்டி. ஆல்பமா பண்ணிக் கையில கொடுக்கறேன். சீமந்தத்துக்கு ஒரு வளையல் போடக் கொடுத்துவெக்கல. இதையாவது கையால கொடுக்கறேனே."

சொன்னது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. படங்கள் போனில் போய்விட்டால் கோதா இந்த ஊருக்கு வருவதற்கு என்ன காரணம் மிச்சமிருக்கும்? மூன்று வருடமாகப் பார்க்காத முகம். அந்த நாற்பத்து மூன்றும் கையில் இருக்கும்வரை கோதாவுக்கு அம்மா வேண்டியிருக்கும். பெற்ற பெண்ணைப் பார்க்க இப்படி ஒரு பேரம் பேச வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் போனை வெளியே எடுக்கவில்லை.

படத்தை அச்செடுப்பது எங்கே? திருவள்ளூரில் ஸ்டுடியோ என்றால் ஜனார்தனன். நாற்பது வருடமாக ஊர் முகங்களையெல்லாம் படம் பிடித்தவர், சாயங்காலம் தவறாமல் கோயில் மண்டபத்தில் சடகோபனோடு உட்காருகிறவர். மனிதர் நல்லவர்தான், ஆனால் வாயில் ஒரு சேதி தங்காது. ஒருநாள் துணிந்து ரயிலேறித் திருநின்றவூருக்குப் போனாள். அங்கே கடை வாசலிலேயே தங்கள் கோயில் பட்டாச்சாரியார் வீட்டு மருமகள் பாஸ்போர்ட் படத்துக்காக நின்றுகொண்டிருந்தாள். கமலவல்லி வேண்டாத ஒரு கிலோ கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பினாள்.

"அப்போ ஊட்லயே பிரிண்டர் வச்சிக்குங்க மாமி" என்றாள் ஏஞ்சல். கடைக் கண்ணாடிமேல் மூன்றை வரிசையாக வைத்துக் காட்டினாள். முதலாவது உள்ளங்கையளவு. மை வேண்டாம், சூட்டில் அச்சாகும், மலிவு. "ஆனா கறுப்பு வெள்ளதான். பஸ் டிக்கெட்டு கணக்கா ஒரு வருசத்துல வெளுத்துப் பூடும்." கமலவல்லி அதைத் தொடக்கூட இல்லை. இரண்டாவது மை ஊற்றுவது. நிறம் அழகு. இரண்டு வாரம் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பட்டால் கரையும். மஞ்சள் தண்ணீரிலேயே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது எப்படி ஆகும்? மூன்றாவது டிபன் டப்பா அளவில் இருந்தது. தாளோடு ஒரு ரிப்பன் டப்பாவும் சேர்ந்து வரும். ஒரு டப்பாவுக்குப் பதினெட்டுப் படம், அப்புறம் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். படத்தின்மேல் கடைசியில் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சும் விழும்.

"தண்ணி பட்டா?"

"தொடச்சிக்கலாம்."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"உங்க பேத்திக்கிக் கல்யாணம் ஆவற வரைக்கும் இருக்கும், போங்க."

அதையே எடுத்தாள். வீட்டில் சடகோபனிடம் சொல்லக் காரணமும் தயாராக இருந்தது. இப்போதெல்லாம் சீர்த் தட்டில் பெண் மாப்பிள்ளை படம் ஒட்டுவது நாகரிகம். "காலத்துக்கேத்தாப்பல பண்ணினாத்தானே நாலு பேர் கூப்பிடுவா" என்றாள். "உன் தொழில், நீ பாத்துக்கோ" என்று அவர் சந்தனம் அரைக்கப் போய்விட்டார். அவர் மேசைமேல் இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தார். அதுதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

முதல் படம் வந்த மத்தியானத்தை அவள் மறக்கமாட்டாள். தாள் நாலு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. முதல் தடவை வெறும் மஞ்சள், பூசி உட்காரவைத்த குழந்தை மாதிரி ஒரு சாயல். அடுத்ததில் சிவப்பு ஏறி உதடு தெரிந்தது. அடுத்ததில் நீலம் ஏறிக் கண்ணும் தலைமயிரும் கறுத்தன. கடைசியில் பளபளப்பு. ஐந்து வயதுக் கோதா ஆண்டாள் வேஷத்தில், பக்கவாட்டுக் கொண்டையோடு, கோணலாகச் சிரித்துக்கொண்டு வந்து விழுந்தாள். கமலவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாசிக்குள் நாற்பத்து மூன்றும் முடிந்தன. ஆல்ப அட்டைக்குக் கோதாவின் பழைய பட்டுப் பாவாடைக் கரையை வெட்டி ஒட்டினாள். பங்குனி அமாவாசையன்று ஏஞ்சல் கடையில் சந்திப்பது என்று ஏற்பாடு. அமாவாசைக்கு ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம், யார் யாரைப் பார்த்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. கோதாவுக்கு எட்டாம் மாசம் நடந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் தீர்ந்துபோன ரிப்பன் டப்பாக்கள் இரண்டு கிடந்தன. ஏஞ்சல் தூக்கிப் போடத்தான் சொன்னாள். ஜரிகை நூலின் நுனியைக்கூடச் சேர்த்துவைக்கிற கமலவல்லிக்கு அது எப்படி மனசு வரும்? உடைத்து இழுத்தால் கஜக்கணக்கில் மெல்லிய தாள், மஞ்சள், ரோஜா, நீலம் என்று மாறி மாறிப் பளபளவென்று வந்தது. அங்கங்கே திட்டுத்திட்டாக நிறம் குறைந்திருந்தது. மை செலவான இடம் என்று நினைத்துக்கொண்டாள். பங்குனியில் தாயார் திருக்கல்யாணத்துக்கு வருஷாவருஷம் அவள்தான் சீர்த் தட்டு செய்வாள். ரோஜாப் பகுதிகளை மட்டும் வெட்டி, நடுத்தட்டின் பாட்டரி விளக்குக்குச் சுற்றுத்திரையாக ஒட்டினாள். பகல் வெளிச்சத்தில் அது தாமரை மாதிரி இருந்தது.

திருக்கல்யாணத்தன்று அந்தி சாய்ந்ததும் மண்டபத்தில் தட்டுகளை வரிசையாக வைத்து விளக்குகளைப் போட்டார்கள். "அடடா, இந்தத் தட்டைப் பாருங்கோ" என்று கூட்டம் நடுத்தட்டின் பக்கம் வந்தது. ஜனார்தனனும் குனிந்து பார்த்தார். தாளுக்கு நிறம் போன இடமெல்லாம் ரிப்பனில் தலைகீழ்ப் படமாக நின்றிருந்தது, மற்றவர்கள் கண்ணுக்கு அது ரோஜா நிறத்தில் ஏதோ கோலம். நாற்பது வருடம் இருட்டறையில் பிலிம் சுருளோடு வாழ்ந்த கண் அவருடையது. கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருந்தாலும் முகம் அவருக்கு முகம்தான்.

"சடகோபா, இங்க வாயேன்!" என்று கத்தினார், சந்தோஷம் தாங்காமல். "இது நான் எடுத்த படம்டா. நம்ம கோதா! ஆண்டாள் வேஷம், கொண்டை சரியா நிக்கலேன்னு அழுதாளே. இதோ பள்ளிக்கூட விழா. இதோ ஊஞ்சல். சுத்தி அவளாவே இருக்காளே! கொழந்தைய மன்னிச்சுட்டியா, ரொம்ப நல்லதுடா."

சடகோபன் தட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். திரையைக் கையாலேயே உரித்தார். கமலவல்லியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் அவர் ஒரு சத்தம் போடவில்லை. "எதுலேந்து எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். அவள் கை தன்னையறியாமல் இடுப்பில் செருகியிருந்த போனுக்குப் போனது. மேசை இழுப்பறையில் ஆல்பம் கிடைத்தது, அவள் இடுப்பில் போன் கிடைத்தது. இரண்டும் வெந்நீர் அடுப்பங்கரைக்குப் போயின. போனை அண்டாத் தண்ணீருக்குள் விட்டு, அண்டாவுக்கு அடியில் ஆல்பத்தை வைத்தார். தண்ணீர் பட்டால் துடைத்துக்கொள்ளலாம் என்றாளே ஏஞ்சல், நெருப்பைப் பற்றிக் கமலவல்லி கேட்க மறந்துவிட்டாள். படங்கள் ஓரம் சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றத்தோடு மெதுவாக எரிந்தன.

"ஏன்னா, பாவம்னா அது, புள்ளத்தாச்சி" என்றாள்.

"யாரு?" என்று கேட்டுவிட்டு, அவர் கிணற்றடிக்குப் போய் இரண்டாம் தடவையாகத் தலை முழுகினார். ஒரே பெண்ணுக்கு இரண்டு முழுக்கு. திரும்பி வந்தபோது அவர் கண்ணும் சிவந்திருந்தது, அது தண்ணீராலா வேறெதாலா என்று கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை. "அந்த மெஷின் இந்த ஆத்துல இருக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அமாவாசையன்று பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கமலவல்லி புறப்பட்டாள். ஏஞ்சல் கடையில் நடந்ததைச் சொல்லி முடிக்க வெகு நேரம் பிடித்தது. கோதா கும்மிடிப்பூண்டியிலிருந்து இன்னும் கிளம்பவில்லை. ஏஞ்சல் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசைமேல் வைத்தாள். மூன்று வருடத்துக்கு அப்புறம் கேட்கிற குரல்.

"அஞ்சு மாசமா கேட்டேனேம்மா. ஒரு நிமிஷ வேலை. அனுப்பியிருந்தா எங்கிட்டயாவது இருந்திருக்குமே."

"அனுப்பிட்டா நீ வரமாட்டியோன்னுதான்டி கொடுக்காம வெச்சிண்டிருந்தேன்" என்றாள் கமலவல்லி. அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது?



"வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேனேம்மா. இந்த மூணு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வான்னு கூப்பிட்டியா நீ? நீயும் அப்பாவோட சேந்து முழுகிட்டேன்னுதான் நெனச்சிண்டிருக்கேன்."

"இப்ப கூப்பிடறேன். வாடிம்மா."

"இப்ப என்னால முடியலம்மா" என்றாள் கோதா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். போன் அணைந்தது. ஏஞ்சல் மறுபடி போட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போடப் போனவளைக் கமலவல்லி தடுத்துவிட்டாள்.

என்ன செய்வதென்று தெரியாத ஏஞ்சல் பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளேயிருந்த ரிப்பன் டப்பாவை எடுத்தாள். மூன்றாவது டப்பா, ஏழு படம் மட்டும் எடுத்தது. "இத்தயும் அவரு பாத்தாரா மாமி?" என்று தயங்கியபடி கொஞ்சம் இழுத்துக் கொடுத்தாள்.

கமலவல்லி அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ரோஜா நிறத்தில், பாவாடை சட்டையோடு கோதா. முகம் அடர்ந்து இருண்டிருந்தது. தலைமயிரில் இருந்த கறுப்பெல்லாம் தாளுக்குப் போய்விட்டதால் ரிப்பனில் அது வெள்ளை வெளேரென்று நரைத்திருந்தது. கோதா கிழவியாகி உட்கார்ந்திருக்கிறாள். எழுபது வயதில் என் பெண் இப்படித்தான் இருப்பாள், அதைப் பார்க்க நான் இருக்கப்போவதில்லை, முப்பது வயதில் எப்படி இருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது என்று நினைத்தாள்.

அந்த நரைத்த தலையை ஒரு தடவை தடவ வேண்டும்போல் இருந்தது. விரல் பட்டால் மிச்சமிருக்கிற நிறமும் போய்விடுமோ என்று தடவவில்லை.