நான் வரைந்த இடது கண்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நான் கட்டிய வீட்டின் முகப்பில் ஐந்து மாதம் தொங்கிய திருஷ்டிப் பொம்மையைச் செய்தவன் நான்தான். கொத்தனார் செய்தது என்று இரண்டொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். கம்புகளைக் குறுக்கே வைத்துக் கட்டிக் கொடுத்தது மட்டும்தான் அவர். மற்றதெல்லாம் என் கை.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிறகு இங்கே எப்போதோ வாங்கிப் போட்டிருந்த இடத்தில் வீடு கட்டத் தொடங்கினேன். எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர் குடியிருந்தார். தெருவுக்கே அவர் ஏட்டையா. நான் பஸ் பிடித்து வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். அதற்குள் அவர் தன் வீட்டு போர் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்து என் சுவர்களை நனைத்து வைத்திருப்பார். நான் கேட்காமலே செய்தார்.

அவருடைய இடது கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். வேலையில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு கலவரத்தில் கல் பட்டதாம். பார்வைக்குக் குறைவில்லை. இமை மட்டும் மேலே ஏறாது.

ஒருநாள் ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது அவர் சொன்னார்: "சார், இந்தக் கிழக்குத் தூணு செத்த சாஞ்சாப்புல தெரியுது."

"ஸ்டேஷன்ல இன்ஜினியரிங்கும் சொல்லிக் குடுத்தாகளோ ஏட்டையா?" என்றேன்.

அவரும் சேர்ந்து சிரித்தார். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். தூண் சாய்ந்துதான் இருந்தது. இடித்துக் கட்டினோம். அவர் தவறாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சரியாகச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மேல்தளம் போட்டதும் பொம்மை தொங்கவிட வேண்டும் என்றார் கொத்தனார். எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் செய்வோம் என்றேன். பழைய துணிக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தபோது ஏட்டையாவே எழுந்து போய் ஒரு காக்கிப் பேண்டும், தான் வீட்டில் போடுகிற கட்டம் போட்ட சட்டையும் எடுத்து வந்தார்.

"திருட்டுப்பயக எம்புட்டுப் பேரு பயந்த பேண்டு தெரியுமா சார்? கண்ணு என்ன, பேயே அண்டாது."

ராஜபாளையத்தில் பஞ்சாலையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் ஒரு மூட்டை கழிவுப் பஞ்சு கொடுத்திருந்தார். வைக்கோலைப் போல அது ஒரு பக்கம் சரியாது. அடைத்த இடத்தில் நிற்கும். பேண்டின் கால்களைக் கயிறு போட்டுக் கட்டி, பஞ்சைக் கம்பால் குத்திக் குத்தி அடைத்தேன். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று இடையில் சணலால் இறுக்கினேன். சட்டைக்குள் சின்னத் தொந்தி வைத்தேன். ஓர் ஆள் உயரம் வந்தது. தலைக்கு மண்பானை. அதன் மேல் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தேன்.

வழக்கம்போல் கோரைப்பல்லும் தொங்கும் நாக்கும் வரைவதாகத்தான் இருந்தேன். கொத்தனார் எட்டிப் பார்த்து, "சட்டையப் பாத்தா ஏட்டையா நிக்க மாதிரியே இருக்கு சார். மீசைதான் பாக்கி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மீசையை வரைந்தேன், அவருடையதைப் போல நுனி கீழே வளைந்த மீசை. இன்னும் சிரித்தார்கள். எத்தனையோ வருடம் கரும்பலகையில் தவளையின் நரம்பு மண்டலத்தைப் பார்க்காமலே வரைந்த கை இது. வலது கண்ணை முழுசாகத் திறந்து வைத்தேன். இடது கண்ணில் இமையைப் பாதி இறக்கினேன். தூணை நினைத்துக்கொண்டுதான் இறக்கினேன்.

சித்தாள் ஒருத்தி தூக்கிக் கட்டும்போதே கத்தினாள்: "ஏட்டி, இங்க வந்து பாரு, ஏட்டையா தொங்குதாக!"

சாப்பிட்டுவிட்டு வந்த ஏட்டையா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ரிட்டயர் ஆனவனுக்கு மறுபடியும் டூட்டி போட்டுட்டீகளா சார்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் வந்தபோதும் சுவர்கள் நனைந்திருந்தன.

பொம்மையைப் படம் எடுத்து அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "இங்க ஹாலோவீனுக்கு வாசல்ல ஆள் உயரத்துக்குப் பேய் செஞ்சு வைப்பாங்கப்பா. அதுகூட இம்புட்டு நல்லா இருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது அந்த எதிர்வீட்டு மாமாதானே? எடுத்துருங்கப்பா" என்றாள். ஒரே ஒரு தடவை பார்த்த மனிதரை அவளுக்கே அடையாளம் தெரிந்தது. எடுக்கவில்லை.

தெருவில் முதலில் கேலிதான். பிறகு அது வேறு மாதிரி ஆனது. ஏட்டையா வருவதைப் பார்த்துப் பால் செம்பை முந்தானையால் மூடிய ஒரு பெண்ணை நானே பார்த்தேன். கண்ணுக்குப் பயந்துதானே பொம்மை வைப்பார்கள். அதில் அவர் கண்ணை வரைந்திருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா என்று ஆகிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதை அவர் நிறுத்தினார்.

இரண்டு மாதம் போனதும் அவர் மனைவி வந்தார். அவர்கள் மகளை வ. புதுப்பட்டியில் கொடுத்திருந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவம்.

"சம்பந்தி வீட்டுல வாராக சார், வளைகாப்புக்கு நாள் பேச. அதுக்கு முன்னால அந்தப் பொம்மைய இறக்கிருங்க. இல்லன்னா அந்தக் கண்ணையாவது அழிச்சிருங்க. எங்க வீட்டுக்காரவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. எனக்குத்தான் மனசு கேக்கல."

ஏணி பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. ஐந்து நிமிட வேலை. "பால் காய்ச்சுறதுக்கு முன்னால தொடக்கூடாதுன்னு கொத்தனார் சொல்லுதாரும்மா" என்றேன். நம்பாத சாஸ்திரத்தை ஒரு பெண்ணின் முன்னால் கேடயமாகப் பிடித்தேன். இறக்கினால் நான் செய்தது தப்பு என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம்.

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். காரை விட்டு இறங்கிய மாமியார் பொம்மையைப் பார்த்தார், வரவேற்க நின்ற ஏட்டையாவைப் பார்த்தார், திரும்பவும் பொம்மையைப் பார்த்தார். தெருவில் யாரையோ கேட்டிருக்கவும் வேண்டும். போகும்போது, "பிரசவத்த நாங்களே பாத்துக்கிடுதோம். இங்க அனுப்பல" என்று சொல்லிவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. ஏட்டையாவும் மனைவியும் வெள்ளி அரைஞாண் வாங்கிக்கொண்டு புதுப்பட்டிக்குப் போனார்கள். பேரனை ஆச்சி கையில் கொடுத்தார்கள். தாத்தா கையை நீட்டியபோது மாமியார் குழந்தையின் முகத்தில் துண்டை இழுத்துவிட்டு, "தூங்குதான், பொறவு பாக்கலாம்" என்று உள்ளே கொண்டுபோய்விட்டாராம். இதை அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார். ஏட்டையா யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மாதம் பால் காய்ச்சினோம். ஏட்டையா வரவில்லை. மறுநாள் பொம்மையை இறக்கினேன். முச்சந்தியில் வைத்துக் கொளுத்தச் சொன்னார் கொத்தனார். உயிரோடு இருக்கிற மனிதரின் உருவத்துக்கு எப்படித் தீ வைப்பது? பானையை உடைத்துப் புதைத்தேன். பஞ்சைப் பிரித்து எடுத்தேன். பிறகு எதிர் வீட்டுக்குப் போய், "வாங்க ஏட்டையா, புதுப்பட்டிக்குப் போவோம். நானே அவுககிட்டச் சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம் சார்."

நான் மட்டும் போனேன். கேலிக்காக வரைந்தேன், அவர் கண்ணில் ஒரு தோஷமும் இல்லை, கல்லடி பட்ட கண் அது, புத்தி கெட்டது எனக்குத்தான் என்று மகளின் மாமியாரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க படிச்சவுக. தினமும் அவுக முகத்துல முழிச்சவுக. தெரியாமலா வரைஞ்சிருப்பீக? இப்ப பால் காய்ச்சியாச்சு, அவுக மேல இரக்கப்பட்டுச் சொல்லுதீக."

என்ன சொன்னாலும் அது ஏறவில்லை. காபி கொடுத்தார். பெரியவர், படித்தவர், ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிவிட்டேன். குழந்தை விழித்திருந்தான். ஏட்டையாவின் மகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது ஏட்டையா கேட்டுக்குள் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"பிள்ளையப் பாத்தீகளா சார்?"

"பாத்தேன்."

"கையில குடுத்தாகளா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "குடுத்தாக" என்றேன்.

குழாயைத் தரையில் போட்டார். தண்ணீர் அவர் காலடியில் ஓடியது.

"கழுத்து நின்னுருச்சா?"

"இன்னும் நிக்கல ஏட்டையா."

"தலைக்குக் கை குடுத்துத்தானே வாங்குனீக?"

"ஆமா."

"சரி" என்றார். குனிந்து குழாயை எடுத்து அடுத்த செடிக்குப் போனார்.