அப்படி ஒருவரும் இல்லை

சென்ற வருடம் ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை நான் செய்த வேலை ஒரு தெரிவுப் பெட்டி, கணினித் திரையில் பெயர்களைத் தேடி எடுக்கும் பெட்டி. முழு வேலையும் அது அல்ல. ஆனால் நாட்குறிப்பில் அந்த மூன்று மாதங்களைப் புரட்டினால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

குருநகர்ப் பக்கம் கடலோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் பாதிரியார், அங்கே சொல்வதுபோல் சுவாமி, என்னைக் கூப்பிட்டிருந்தார். நவம்பர் அவர்களுக்கு இறந்தவர்களின் மாதம். குடும்பங்கள் எழுதிக் கொடுக்கும் பெயர்களை அந்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார்கள். இவ்வளவு காலமும் துண்டுக் கடதாசிகளில் எழுதி ஒரு பெட்டிக்குள் போட்டு வந்தார்கள். எழுத்து விளங்காது, துண்டு தொலையும், ஒரு பெயர் விடுபட்டால் பூசை முடிந்ததும் சண்டை வரும். பங்கின் இறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, சனங்கள் தங்கள் ஆட்களை அதிலிருந்து தாங்களே தேடி எடுக்கும்படி ஒரு இணையச் செயலி வேண்டும் என்றார். நான் சைவ சமயக்காரன். அரியாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வந்து அதைச் செய்து கொடுத்தேன்.

நாலாயிரத்துக்கு மேல் பெயர்கள். அவ்வளவையும் விரலால் தள்ளிப் பார்க்க ஒருவராலும் முடியாது. ஆகவே எழுதித் தேடக்கூடிய தெரிவுப் பெட்டி, அதாவது ட்ரொப்டவுன், ஒன்றை வைத்தேன். இரண்டு எழுத்து அடித்தால் பட்டியல் சுருங்கும். நான்காவது எழுத்தில் ஐந்தாறு பெயருக்குள் அடங்கும். புனிதர்களின் பெயர்கள் வீட்டுக்கு வீடு திரும்பத் திரும்ப வருவதால், தகப்பன் பெயரையும் சேர்த்து அடிக்கும்படி மேலே ஒரு குறிப்புப் போட்டேன். ஒரு பெயரைத் தொட்டால் அது சிறு சீட்டாக மேலே போய் நிற்கும். ஒருவரையே இரண்டு தரம் எடுக்காமலிருக்க, கீழேயுள்ள பட்டியலிலிருந்து அது மறையும். ஒன்றும் பொருந்தாவிட்டால் ஒரு வசனம் வரும். ஆயத்தமாகக் கிடைத்த மென்பொருள் கூறில் அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதை ‘அப்படி ஒருவரும் இல்லை’ என்று மாற்றினேன். கைத்தொலைபேசித் திரையில் ஒரு வரிக்குள் அடங்கியது.

பதிவேடுகளைத் தட்டெழுதியவர்கள் இரண்டு பேர். சில பக்கங்களை இருவருமே அடித்திருந்தார்கள். அதனால் பெயர், தகப்பன், தாய், தெரு நான்கும் ஒன்றேயான வரிகளைத் தேடினேன். நாற்பத்தொரு சோடி கிடைத்தது. அநேகமானவற்றில் ஒரு வரி முழுமையாக இருந்தது. மற்றதில் திகதி இல்லை. இடம்பெயர்வுக் காலத்தில் ஈரம்பட்டுப் பழைய பதிவேட்டின் ஓரங்கள் அழிந்துபோயிருந்தன என்பதால் அது எனக்கு விநோதமாகத் தெரியவில்லை. முழுமையானதை வைத்துக்கொண்டு குறையானதை நீக்கினேன். அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: ‘இரட்டிப்பு 41 நீக்கம். பட்டியல் சுத்தம்.’ நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விடயமாக அது தோன்றவே இல்லை.

ஒக்ரோபர் கடைசி ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும், சுவாமி தங்கும் அறைவீட்டின் விறாந்தையில் மேசை போட்டு இரண்டு டப்லெட் வைத்தோம். பங்குக் காரியாலயத்தில் வேலை செய்யும் பெண் ஒன்றைப் பார்த்துக்கொண்டாள், மற்றதை நான். வரிசை வாசல் வரை நின்றது. எல்லோரும் நல்ல கலகலப்பில் இருந்தார்கள்.

“உங்கடை பேரையும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன், வந்தாலும் வரும்” என்று ஒரு மனைவி தன் கணவனுக்குச் சொன்னாள்.

“வந்தா உனக்குத்தானே சந்தோசம்” என்றார் அவர். வரிசை முழுவதும் சிரித்தது.

அவர்களுக்குப் பின்னால் வந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளை முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. நான் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், தனக்குத் தெரியும் என்று தானே ஒரு விரலால் அடித்தார். கணவர் பெயர் மேலே போயிற்று. மகன் பெயரும் போயிற்று. பிறகு அதே மகனின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, முதலிலிருந்து மறுபடியும் அடித்தார். அந்த வசனம் வந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“அப்படி… ஒருவரும்… இல்லை. தம்பி, என்னெண்டு இல்லையாம்?”

“அம்மா, அவரை எடுத்தாச்சு. இஞ்சை பாருங்கோ, மேலை நிக்கிறார். ஒருக்கா எடுத்தாப் போதும்.”

“அது சின்னவன். நான் மூத்தவனைத் தேடுறன்.”

“மூத்தவருக்கு என்ன பேர்?”

அவர் அதே பெயரைத்தான் சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு, பொறுமையாகத் தொடர்ந்தார்.

“மூத்தவன் பதினொரு நாள்தான் இருந்தவன். ஞானஸ்நானம் குடுத்து வைச்ச பேர். அது புனிதருக்கு நேர்ந்த பேர், தம்பி. பிள்ளை போயிட்டுது எண்டு நேர்த்தியை விடேலுமே? அடுத்தவன் பிறக்க அவனுக்கும் அதைத்தான் வைச்சம். அவன் இருபத்திமூண்டு வயசிலை கடலுக்குப் போய்ச் செத்தவன்.”

மற்ற டப்லெட்டோடு இருந்த காரியாலயப் பெண் என்னைப் பார்த்தாள். “அண்ணை, இஞ்சை கன வீட்டிலை அப்பிடித்தான். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

எங்கள் வீட்டில் இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள். நினைத்துப் பார்க்கவே பயப்படுவார்கள். அந்த நாற்பத்தொரு சோடியும் என் கண்முன் வந்தது.

“ரெண்டு தரம் பதிஞ்சிட்டினம் எண்டு நினைச்சு நான்தான் ஒண்டை எடுத்துவிட்டனான், அம்மா” என்றேன்.

“ஆரை எடுத்தனீங்கள்?”

“திகதி இல்லாதவரை.”

அவர் திரையில் நின்ற சின்னவனின் சீட்டை விரலால் காட்டினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

“சின்னவனுக்குப் படம் இருக்கு. சேமக்காலையிலை கல்லறை கட்டியிருக்கு. அவனைத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். மூத்தவனுக்கு ஒரு மரச்சிலுவைதான் நட்டது. இடம்பெயர்ந்து திரும்பி வரேக்குள்ளை அது இல்லை. குழி எதெண்டு எனக்கே இப்ப தெரியாது. வருசத்திலை ஒரு நாள் அவன்ரை பேரை வாசிக்கிறது, அவ்வளவுதான் அவனுக்கு இருக்கிறது.”

சற்றுமுன் பகிடி விட்ட மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதையும் பிரதி எடுக்காமல் நான் அழிப்பதில்லை. அன்று மத்தியானமே நாற்பத்தொரு வரிகளையும் திருப்பிப் போட்டேன். அந்தக் கிழமை முழுவதும் நானும் காரியாலயப் பெண்ணும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். இருபத்தேழு உண்மையிலேயே இரட்டிப்பு. பதினொன்று அந்த அம்மாவின் வீட்டைப் போன்றவை. ஒரு வீட்டில் தகப்பனுக்கு நினைவில்லை, தாய்க்கு நினைவிருந்தது. அந்தத் தாய் எழுந்து குசினிக்குள் போய்விட்டார், நாங்கள் வெளியே காத்திருந்தோம். மூன்று வரிகளுக்குச் சொல்ல ஆட்களே இல்லை. குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர்கள், தொடர்பில்லாமல் போனவர்கள். அந்த மூன்றையும் நீக்காமல் விட்டேன்.

பிறகு தெரிவுப் பெட்டியில் ஒவ்வொரு பெயரின் கீழும் சிறிய எழுத்தில் இரண்டாவது வரி ஒன்றைச் சேர்த்தேன். மூத்தவனின் பெயருக்குக் கீழே ‘குழந்தை, பதினொரு நாள்’ என்றும், இளையவனின் பெயருக்குக் கீழே வயதும் வந்தன. அந்த அம்மா சனிக்கிழமை வந்து தெரிவுசெய்தார். மூன்று சீட்டுகளும் மேலே போய் வரிசையாக நின்றன. அவர் மூன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“இப்ப வாசிப்பினமோ, தம்பி?”

“ஓம் அம்மா. கட்டாயம் வாசிப்பினம்.”

மறுநாள் பெயர்கள் வாசிக்கும் பூசைக்கு நான் போனேன். பக்கவாசலில் நின்றேன். இந்த முறை வாசித்தவர் அந்தப் பங்குக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியர் ஒருவர். முன்பு வாசித்தவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். கண் சரியில்லை என்று அவர் அந்த வருடம் விட்டுவிட்டார். புதியவர் நல்ல குரலில், நிதானமாக, ஒவ்வொரு பெயருக்கும் சிறு இடைவெளி விட்டு வாசித்தார். அவர் கையில் இருந்த தாள்கள் நான் அச்சடித்துக் கொடுத்தவை. திரையில் நான் சேர்த்த இரண்டாவது வரி அந்தத் தாள்களில் இல்லை. வாசிப்பது பெயர்களை மட்டும்தானே என்று அச்சுப்பக்கத்தை நான் முன்பிருந்தபடியே விட்டிருந்தேன்.

அந்த அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில் இருந்தார். கணவரின் பெயர் வந்தது. மகனின் பெயர் வந்தது. அடுத்த வரிக்கு வந்ததும் வாசிப்பவர் நின்றார். ஒரு தரம் மேல்வரியைப் பார்த்தார், கீழ்வரியைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. விரலைக் கீழே நகர்த்தி அடுத்த குடும்பத்தின் பெயரை வாசித்தார்.

வாசலிலிருந்து பீடம் வரை நடந்துபோய் அவரை நிறுத்தியிருக்கலாம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மூத்தவனின் பெயரைத் தானே சொன்னார். சத்தமாக அல்ல, வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவுக்கு. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வாசிப்பவர் அதற்குள் மூன்று குடும்பங்களைத் தாண்டிப் போயிருந்தார்.