அம்மை வழியாக வந்தது

திருவனந்தபுரத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பாதாலஜி கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பட்டப்பகலிலும் இருட்டாகவே வைத்திருக்கும் அறை ஒன்று இருந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்த அறை. செல்லபாய் அங்கே டெக்னீஷியன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரி. பள்ளிக்குப் பிந்திய ப்ரீடிகிரிக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் தசையை அவளைப்போல மெலிதாகச் சீவ வேறு ஆள் இல்லை என்று டாக்டர்களே சொல்வார்கள்.

நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு அரிசிமணி அளவில் வரும். மருந்தில் ஊறிக் கறுத்துப்போன அதைப் பிசினில் இறுக்கி, கண்ணாடிக் கத்தியால் சீவுவாள். சீவல் தண்ணீரின் மேல் பொன்னிறமாக மிதக்கும். குச்சி நுனியில் ஒட்டிய ஒற்றை இமைமயிரால் அதைத் தள்ளி, பொட்டளவு செப்பு வலையில் ஏற்றுவாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பச்சைத் திரையைப் பார்ப்பாள்.

பதினைந்து வருஷம் பார்த்ததில் ஒரு செல்லுக்குள் என்னென்ன எங்கே இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். உடம்பின் மொத்தக் கணக்கும் எழுதியிருக்கும் உட்கரு. அதை ஒட்டி மடிமடியாகப் பரவிய வலை. அதன்மேல் மணல்போல ரைபோசோம்கள், புரதம் உண்டாகும் இடம். அந்தப் புரதத்தைப் பொதிந்து அனுப்பும் கோல்கி, தோசைகளை அடுக்கியதுபோல. கழிவைத் தின்று செரிக்கும் லைசோசோம்கள் கறுப்புப் பொட்டுகளாக. தசைநார்களுக்கு நடுவே வரிசையாக மைட்டோகாண்ட்ரியா. உள்ளே அலமாரித் தட்டுகள்போல மடிப்புகள். தின்ற சோறும் இழுத்த மூச்சும் அந்தத் தட்டுகளில்தான் உடம்புக்கு வலுவாக மாறுகின்றன.

1999 ஜூனில் 212 என்ற எண்ணோடு ஒரு தசை வந்தது. திரையில் பார்த்ததும் செல்லபாயின் கை நின்றுவிட்டது. மைட்டோகாண்ட்ரியா வீங்கிக் கிடந்தன. தட்டுகளைக் காணோம். பதிலாக, சூளையில் அடுக்கிய செங்கல்போல, மூலை மழுங்காத கட்டிகள் நெருங்கி நின்றன. உயிருள்ள எதற்கும் அவ்வளவு நேரான கோடுகள் இருந்து அவள் பார்த்ததில்லை.

டாக்டர் அழகியநம்பியை அழைத்தாள். கோட்டை அக்ரஹாரத்துக்காரர், அவளிடம் வீட்டுத் தமிழில்தான் பேசுவார்.

"பாத்தேளா, நான் நெனச்சதேதான். போனக்காடு மலை எஸ்டேட்காரி, ராகேல்னு பேர். இமையைத் தூக்க முடியலே, கண்ணே அசையலே. அவ அம்மாவுக்கும் இருந்திருக்கு."

"அப்பாவுக்கு இல்லியா சார்?"

"இது அம்மா வழியா மட்டும்தான் வரும். உட்கருவுல பாதி அப்பா, பாதி அம்மா. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியா டி.என்.ஏ. உண்டு, அது முழுக்க அம்மாவோடது. கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி அது தனி ஜீவன். ஏதோ ஒரு செல்லுக்குள்ள நுழைஞ்சது, வெளில போகவே இல்லே. அம்மாட்டேர்ந்து பொண்ணு, அந்தப் பொண்ணுட்டேர்ந்து அவ பொண்ணுன்னு வந்துண்டே இருக்கு."

அவர் போனபின் செல்லபாய் 212இன் படங்களை எடுத்தாள்.

மறுநாள் ரிப்போர்ட்டை வார்டுக்குக் கொண்டுபோனாள். வராந்தா பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். நர்ஸ் "ராகேல்" என்று கூப்பிட்டதும் அவள் கண்ணைத் திருப்பவில்லை. தலை முழுவதும் மெதுவாகத் திரும்பியது. பிறகு மோவாய் மேலே போயிற்று. பாதி மூடிய இமைக்கடியிலிருந்து பார்த்தாள்.

செல்லபாயின் அம்மை லீலாபாய் அப்படித்தான் பார்ப்பாள். அவள் செத்துப் பதினொரு வருஷமாகியிருந்தது. செல்லபாய் பெஞ்சில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சிஸ்டரே, இப்படிப் பாக்கிய?" என்றாள் ராகேல்.

"உங்க அம்மைக்கப் பேரு என்ன?"

"அன்னம்மா. செத்துப் போச்சு. அதுக்கும் இதே கண்ணுதான்."

"அம்மைக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?"

"ஒரு தங்கச்சி உண்டு. எட்டு வயசுல பாறசாலைக்கு, ஒரு வாத்தியார் வீட்டுல பிள்ளை பாக்கக் கொண்டுபோனாங்களாம். பிறவு ஒரு விவரமும் இல்ல. லீலான்னு விளிப்பாங்கன்னு அம்மை சொல்லும்."

பாறசாலையில் ஒரு வாத்தியார் வீட்டில் வளர்ந்த லீலாபாய் தன் ஊரைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கேட்டால், "மலை" என்பாள்; அவ்வளவுதான். செல்லபாய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்க சின்னம்மைக்க மகளாக்கும் நான்" என்றாள். ராகேல் அழவில்லை. கையை விடாமல், மோவாயைத் தூக்கி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

அந்த வாரமே செல்லபாய் அழகியநம்பியிடம் போனாள். "என் தசையையும் எடுக்கணும் சார்."

"எதுக்கு? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே."

"இருக்கா இல்லியான்னு எனக்கு அறியணும்."

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். தொடையிலிருந்து எடுத்த துண்டுக்கு 219 என்று எண் விழுந்தது. வேறொருவர் சீவுவதாகச் சொன்னார்கள், அவள் விடவில்லை. தன் தசையைத் தானே பிசினில் இறுக்கினாள், சீவினாள், வலையில் ஏற்றினாள்.

மதியம் பன்னிரண்டு மணி. வெளியே சுட்டெரிக்கும் வெயில். உள்ளே வேக்குவம் பம்பின் முனகல் மட்டும். முதல் மூன்று நார்களில் எல்லாம் சரியாக இருந்தன. நான்காவதில் நிறுத்தினாள். மூன்று மைட்டோகாண்ட்ரியா. மூன்றிலும் செங்கல் அடுக்கு.

அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலில், கட்டுக்கு அடியில் தொடை வலித்துக்கொண்டிருந்தது. வலிக்கிற அதே தசைதான் திரையில் கறுப்பும் பச்சையுமாக அசையாமல் நின்றது. நாற்பத்தொரு வருஷமாக உள்ளே இருந்தவை. அவளுக்கு முன் அம்மைக்குள், அதற்கு முன் பெயர் தெரியாத ஒருத்திக்குள். திரையை அணைத்துவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் பித்தானை நோக்கிப் போன விரலுக்கு வலு கொடுப்பதும் அவைதான் என்று தோன்றியபோது, கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மகள் ஷீனாவுக்குப் பதினாறு வயது. சாப்பிடும்போதும் படிக்கும்போதும் செல்லபாய் அவள் இமைகளையே கவனித்தாள்.

"எந்தா அம்மா, எப்பவும் என்னையே நோக்கிட்டு இருக்கிய? பேடியாவுது" என்று பயந்தாள் ஷீனா.

செல்லபாய் எல்லாவற்றையும் சொன்னாள். ஷீனா கண்ணாடிமுன் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "அப்போ இப்ப எந்தா செய்யணும்?" என்றாள்.

செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. இந்த நோய் சிலருக்கு இதயத் துடிப்பையும் தடுக்கும். எந்த அறிகுறியும் காட்டாமல் ஆளைச் சாய்க்கும். ராகேலுக்கு நாடி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டுதான் இருந்தது. உடனே துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

"மலையில மத்தவங்களும் உண்டே" என்றாள் செல்லபாய்.

ஆகஸ்டில் ராகேலையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து விதுரா போய், ஜீப் பிடித்து போனக்காடு ஏறினாள். காலை பத்து மணிக்கே மூடுபனி தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை விழுங்கியிருந்தது. ராகேல் குரல் கொடுத்தாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ராகேலின் தங்கைகளும் அம்மை வழி உறவுமாக ஏழு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். பனிக்குள்ளிருந்து நான்கு மோவாய்கள் ஒன்றாக உயர்ந்தன. அம்மையின் முகம் நான்கு வாசல்களில் நின்று செல்லபாயைப் பார்த்தது.

செல்லபாய் ஜீப்பை விட்டு இறங்கினாள். அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்துப் பதின்மூன்று பேரின் பெயர்களை எழுதிக்கொண்டாள். விதுராவில் ஈ.சி.ஜி. எடுக்கச் சம்மதிக்க வைக்க மூன்று தடவை மலை ஏற வேண்டியிருந்தது. பிசாசு பிடித்த குடும்பம் என்று லயத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. அந்தக் குடும்பத்தில் வழியில் செத்துவிழுந்த இரண்டு பேரை அதற்குச் சாட்சியாகச் சொன்னார்கள்.

"பிசாசு இல்ல மக்களே" என்றாள் செல்லபாய். "அம்மைமாரு தந்ததாக்கும். நம்மள நடத்துறதும் அதுதான். கொஞ்சம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்." சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே நம்பிக்கை தரவில்லை. ஆனாலும் வந்தார்கள். ராகேலின் கடைசித் தங்கைக்கும் துடிப்பு தடைப்படுவது தெரிந்தது. அவளும் பேஸ்மேக்கர் வைத்துப் பிழைத்தாள்.

செல்லபாயின் தசையான 219இன் படங்களில் ஒன்று பிறகு மாணவர்களின் வகுப்பறைச் சுவரில் ஏறியது. வருஷாவருஷம் புதுப் பிள்ளைகள் வந்து அந்தச் செங்கல்களை எண்ணிப் படித்தார்கள். ஒரு தடவை விஜய்குமார் என்ற மாணவன், "சேச்சி, இந்தப் பேஷண்ட் இப்போ உயிரோட உண்டா?" என்று கேட்டான். "உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.

2007இல் செல்லபாயின் நாடி நாற்பதுக்குக் கீழே போனது. வருஷம் தவறாமல் பார்த்துவந்ததால் உடனே தெரிந்தது. பேஸ்மேக்கர் வைப்பதற்கான சம்மதப் படிவத்தில் ஷீனா கையெழுத்துப் போட்டாள். மூன்று வாரம் கழித்து செல்லபாய் வேலைக்குத் திரும்பினாள்.