ஒரு வீட்டில் ஒரு பெயர்

போலீஸ்காரர் என்னைத் தேடி என் புகுந்த வீட்டுக்கு வந்தபோது, அந்த ஆள் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பியவள் நானேதான். இதை வேடிக்கையாகச் சொல்லிவிடலாம் என்று பல தடவை ஆரம்பித்திருக்கிறேன். பாதியிலேயே முகம் சுட ஆரம்பித்துவிடும், பேச்சை மாற்றிவிடுவேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம். திண்டிவனத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பினாங்கில் ஒரு மளிகைக்கடையில் கணக்கெழுதும் வேலை. கல்யாணத்துக்கு லீவு வாங்கிக்கொண்டு வந்தவர், அது முடிவதற்குள் கப்பலேற வேண்டும். நான் பின்னால் போக வேண்டும்.

பெண் பார்க்க வந்தபோதே ஒரு சிக்கல் தெரிந்துவிட்டது. எனக்கும் மாமியாருக்கும் ஒரே பெயர். பெரியவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அப்புறம், "அதுக்கின்னா, பொண்ணு பேரை மாத்திட்டா போச்சு" என்று வெற்றிலையை மடித்தார்கள். எங்கள் பக்கத்தில் இது சகஜம்தான். மருமகளை எப்படியும் நாலு வார்த்தை திட்ட வேண்டியிருக்கும், மாமியார் பெயரைச் சொல்லியா திட்டுவது? கல்யாணத்தன்று சாயங்காலம் நான் விளக்கேற்றியதும் நாத்தனார் புதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சடங்கு. பெயருக்கு முன்னால் இருந்த நைனாவின் எழுத்து போனதற்கு அன்றிரவு அழுதேன். பெயரே போனதற்கு அழத் தோன்றவில்லை.

பாஸ்போர்ட் மனுவை என் வீட்டுக்காரர்தான் பினாங்குக்குப் போகும் முன் பூர்த்தி செய்தார். பள்ளிக்கூடச் சான்றிதழில் என்ன பெயர் இருந்ததோ அதையே எழுதினார், முன்னால் மட்டும் தன் எழுத்தைப் போட்டார். வீட்டில் வைத்த பெயரைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அது வீட்டுக்குள் புழங்குகிற பெயர்தானே. நான் கையெழுத்துப் போட்டேன். புது எழுத்தோடு முதல் தடவையாகப் போட்டதில் கை கோணிக்கொண்டு போயிற்று.

மனைவியை அழைத்துக்கொள்ள அவருக்கு அங்கே ஓர் அனுமதி கிடைத்திருந்தது. அதில் போட்டிருந்த கெடுவுக்குள் நான் போய் இறங்கியாக வேண்டும். தவறினால் மறுபடி கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. இந்தியாவிலிருந்து ஆள் வருவதற்கு அங்கே கெடுபிடி கூடிக்கொண்டே போன காலம் அது. புருஷனோடு வாழப்போகிறேனா, பாத்திரக்கடைக்குப் பின்கட்டில் வெங்கலம் விளக்கிக்கொண்டு கிடக்கப்போகிறேனா என்பது அந்த பாஸ்போர்ட்டில்தான் இருந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன்.

ஓர் அமாவாசை அன்று கடையை அடைத்துவிட்டு எல்லோரும் ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூருக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அன்றைக்குப் பார்த்து வீட்டுக்குத் தூரம். பின்கட்டு அறையில் தனி டம்ளர், தனிப் பாயோடு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தெருக்கதவு தட்டும் சத்தம். அந்த நிலைமையில் நடுவீட்டைத் தாண்டி வரவே கூடாது. ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. சுவரோரமாக வந்து கதவைத் திறக்காமல் யாரென்று கேட்டேன்.

"போலீஸ். கதவைத் தொறம்மா."

இடுக்கு வழியாகக் காக்கி அரைக்கால் சட்டை தெரிந்தது. திறக்க முடியாததன் காரணத்தை ஓர் ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

"யாரும் இல்லீங்க. கோயிலுக்குப் போயிருக்காங்க."

அவர் ஒரு காகிதத்தைப் பிரித்து, பெயரைப் படித்தார். என் பெயர். சான்றிதழில் இருக்கும் பெயர், பதினேழு வயது வரைக்கும் ஆஜர் சொன்ன பெயர். "இந்தப் பேர்ல யாராச்சும் இங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. அவங்களும் மலையனூர் போயிருக்காங்க" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம்கூட எனக்கு உறுத்தவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயர் மாமியாருடையது.

"நீ யாரு?"

"அவங்க மருமக."

"உம் பேரு?"

நாத்தனார் வைத்த பெயரைச் சொன்னேன். "வெளிய வந்து சொல்லும்மா" என்றார். "வர முடியாதுங்க" என்றேன். பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டு போய்விட்டார். என்ன விசாரணை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக வந்து இறங்கினார்கள். நான் பின்கட்டிலிருந்தே, "அத்தை, உங்களைத் தேடி போலீஸ் வந்துச்சு" என்றேன். மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைத்தெருவையே அதட்டி நடத்துகிற பொம்பிளை அவர். முந்தின வாரம் பழைய செம்பு எடைபோட்டதில் ஒருத்தியோடு வாய்ச்சண்டை. அவள்தான் புகார் எழுதிப் போட்டிருப்பாள் என்று முடிவுகட்டி, அங்காளம்மனுக்கு இன்னொரு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டார். ஸ்டேஷனுக்குப் போய் விசாரிக்கலாம் என்று மாமனார் இழுத்தார். "அவனே திரும்ப வர்லன்னா நாம்ப ஏன் போய் நிக்கணும்?" என்று மாமியார் தடுத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தியவளும் நான்தான். "பயப்படாதீங்க அத்தை, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து சென்னையிலிருந்து தபால் வந்தது. மனுதாரர் அந்த விலாசத்தில் இல்லை, அந்தப் பெயரில் இருப்பவர் வயதானவர், மருமகளின் பெயர் வேறு என்று உள்ளூர் விசாரணையில் தெரிகிறது. எனவே மனு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. நான்தான் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். படிக்கப் படிக்க என் குரல் கீழே இறங்கிற்று. மாமனார் என்னையே பார்த்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணு, உம் பேரு உனக்கே தெரியாதா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

சங்கதி கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் கல்லாவிலிருந்தே, "பேரு ஞாபகம் இருக்குதாம்மா?" என்பார். நான் தண்ணீருக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டேன்.

நைனாவின் எழுத்தோடு சான்றிதழில் இருப்பவளும், புருஷன் எழுத்தோடு மனுவில் இருப்பவளும், வீட்டில் வேறு பெயரில் கூப்பிடப்படுகிறவளும் ஒருத்தியேதான் என்று தாசில்தார் எழுதிக் கொடுத்தால் சரியாகும் என்றார்கள். மாமனார், மாமியார், நான் மூவரும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். பட்டா வாங்க வந்த கூட்டம் வாசல் வரை நின்றது. அறைக்குக் கதவு இருந்ததே தவிர அதை யாரும் சாத்தவில்லை.

"உன் பேர் என்னம்மா?" என்றார் தாசில்தார்.

பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அவர் முகத்துக்கு நேராக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது.

"எழுதிக் காட்டட்டுங்களா?"

"எழுதறது இருக்கட்டும். வாயால சொல்லு. சரி, புருஷன் பேரையாவது சொல்லு."

அது அதைவிட மோசம். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று மூன்று வயதிலிருந்து தெரியும். நான் தரையைப் பார்த்தேன். பியூன் சிரித்தான். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். "எஸ்.எஸ்.எல்.சி. வேற" என்றார் தாசில்தார், என் சான்றிதழைத் தூக்கிப் பார்த்து. நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டால் கப்பல் ஏறிவிடலாம். என் வாயோ பூட்டுப் போட்டதுபோல் கிடந்தது.

"நீங்களாவது சொல்லுங்க" என்று மாமனாரைக் கேட்டார். அது அவருடைய சம்சாரத்தின் பெயரும் ஆயிற்றே. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். வாசலில் சிரிப்பு கூடிற்று.

மாமியார்தான் முன்னால் வந்தார். மகன் பெயரைச் சொன்னார். "இவ பேரும் எம் பேரும் ஒண்ணுங்க. அதான் வூட்ல வேற பேரு வச்சிக்கினோம்" என்றார்.

"உங்க பேர் என்ன?"

மாமியார் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூச்சம் என்று நினைத்தேன். இல்லை, அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்கிற பிள்ளைபோலச் சொன்னார். பெயருக்கு முன்னால் சேர்த்துச் சொன்னது மாமனார் எழுத்து இல்லை, தன் அப்பாவின் எழுத்து.

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டார். "உங்களை வீட்ல இந்தப் பேர் சொல்லி யார் கூப்பிடறாங்க?"

"யாரும் கூப்டறதில்லீங்க."

"பின்ன எதுக்கு இந்தப் பொண்ணு பேரை மாத்தினீங்க?"

வாசலில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாமியாருக்கு முகம் சிவந்து, கழுத்துவரை வியர்த்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரை அந்தப் பெயரால் கூப்பிட்ட ஒரு குரலாவது நான் கேட்டிருக்கிறேனா என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். மாமனாருக்கு அவர் "இந்தா", கடைத்தெருவுக்கு "மொதலாளியம்மா". அதுவரை எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்காகவும் சேர்த்து வெட்கப்பட ஆரம்பித்தேன். அதுதான் இன்னும் தீராமல் இருக்கிறது. அவரை அப்படிப் பார்க்கச் சகிக்காமல்தான் என் பெயரை இரைந்து சொன்னேன். புருஷன் பெயரையும் சொன்னேன். தாசில்தார் எழுதிக் கொடுத்தார்.

கெடுவுக்குள் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மாமனார் கடையில் இருந்தார். மாமியார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா பேரு போட்டுருக்குது, படி" என்றார்.

படித்தேன்.

அவர் அந்த வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். "எழுத்தை வுட்டுட்டு, பேரை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.